ஐந்தடித் தொட்டியில் யாரோடு யார்?

ஆப்பிரிக்க சிக்லிட் மீனைப் பார்க்காதவர் திருவண்ணாமலையில் இருக்க முடியாது. பெயர் தெரியாமல் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். ஏரி வற்றும் கோடையில் பையன்கள் சேற்றில் துழாவிப் பிடிக்கிறார்களே, மீன் கடையில் செதில் சீவிக் கிலோ கணக்கில் தருகிறார்களே, அந்த ஜிலேபி ஆப்பிரிக்காக்காரன்தான். மொசாம்பிக் திலேப்பியா என்று பெயர். 1952ல் உணவு மீனாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத ஏரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அடுத்த முறை தண்ணீர் தெளிந்திருக்கும்போது கரையில் நின்று கவனியுங்கள். ஆண் மீன் அடிமண்ணில் வட்டமாகக் குழி பறித்து, இன்னொரு ஆணை அந்தப் பக்கம் அண்டவிடாமல் துரத்திக்கொண்டே இருக்கும். பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். இடத்துக்கு அடிதடி, வாய்க்குள் பிள்ளை: இந்த இரண்டு குணமும் இந்த அத்தியாயம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். மஞ்சளும் நீலமுமாக நீங்கள் ஆசைப்பட்டு வாங்கப்போகிற மீன்கள் எல்லாம் ஜிலேபிக்கு ஒன்றுவிட்ட உறவு.

தொட்டி ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றே வைத்துக்கொள்கிறேன். போன அத்தியாயத்தில் செய்யச் சொன்னது அதுதான். விளிம்பு வரை கணக்குப் போட்டால் 566 லிட்டர். கல்லும் மணலும் போக 450 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும். நான்கடிக்குக் குறைந்த தொட்டி வைத்திருப்பவர்கள் நத்தை ஓட்டு மீனைப் பற்றிச் சொல்கிற இடத்தை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

இன்னொன்று. கடையில் போய் "சிக்லிட் இருக்கா?" என்று கேட்டால் ஆஸ்கரையும் பிளவர்ஹார்னையும் பேரட்டையும் காட்டுவார்கள். சிக்லிட்தான், பொய் இல்லை. ஆனால் ஆஸ்கர் தென் அமெரிக்க மீன். பிளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் மத்திய அமெரிக்க மீன்களைக் கலந்து உருவாக்கியது. பேரட்டும் தைவானில் பிறந்த கலப்பினம். இவை எதையும் இந்தத் தொட்டியில் சேர்க்காதீர்கள்.

போர் தண்ணீர் போதும்

நம்முடையது கருங்கல் பூமி. குளியலறைக் குழாயில் வெள்ளை வெள்ளையாய்ப் படிகிறது, சோப்பு நுரைக்க மறுக்கிறது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஏடு கட்டுகிறது. இந்தத் தண்ணீரைக் கண்டு பயந்துதான் பலரும் மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர் கேன் வாங்கி ஊற்றுகிறார்கள். சிக்லிட்டுக்கு அது வீண் செலவு, கெடுதலும்கூட. மலாவி ஏரியின் பி.எச். 7.7 முதல் 8.6 வரை. டாங்கனிக்கா ஏரியில் 9ஐ ஒட்டி நிற்கும். நம் போர் தண்ணீரை மேலிருந்து இறைத்து ஒரு நாள் டிரம்மில் காற்றுக் கல் போட்டு வைத்தால், நிலத்தடியில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறி பி.எச். தானாக ஏறி இந்த அளவுக்கு வந்துவிடும். இறைத்த உடனே எடுத்த அளவை நம்பாதீர்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். ஒரு நாள் காற்றோட்டம், அவசரமென்றால் ஹைப்போ.

"உப்புத் தண்ணி எவ்வளவு இருக்கோ அவ்வளவு நல்லது சார்" என்று சிலர் கல்லுப்பையும் அள்ளிப் போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். மலாவி கடல் இல்லை, நன்னீர் ஏரி. அதன் தண்ணீர் காரத்தன்மை உள்ளதே தவிர, என் வீட்டுப் போரைவிட லேசானது. நம் கைக்கு வரும் மீன்களில் பெரும்பாலானவை ஏரியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பண்ணையில் பிறந்தவை, பல சென்னை கொளத்தூர், மாதவரம் பக்கத்துத் தொட்டிகளில் வளர்ந்தவை. கடினத் தண்ணீர் அவற்றுக்குப் பழகிய தண்ணீர்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா பி.எச். 7ல் பெரும்பாலும் தீங்கில்லாத வடிவத்தில் கிடக்கும். பி.எச். 8.5க்குப் போனால் அதில் நஞ்சாகிற பங்கு இருபது மடங்குக்கு மேல் ஏறிவிடும். தங்க மீன் தாங்கிய அழுக்கைச் சிக்லிட் தொட்டி தாங்காது என்பதன் கணக்கு இதுதான். பில்டரில் நல்ல பாக்டீரியா பிடிக்க நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருங்கள். நாள் பார்த்துத் தொட்டி வைத்து மறுநாளே மீன் விடுகிறவர்கள் அந்த வாரமே மீனைப் புதைக்கிறார்கள்.

ஏரி பார்த்துப் பிரியுங்கள்

ஆப்பிரிக்காவில் மூன்று பெரிய ஏரிகள். விக்டோரியாவை விட்டுவிடலாம். 1950களில் அங்கே நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீனைக் கொண்டு விட்டார்கள். அதன் பிறகு அந்த ஏரியின் குட்டிச் சிக்லிட் இனங்கள் நூற்றுக்கணக்கில் காணாமல் போயின. நம் கடைகளிலும் அபூர்வம்.

டாங்கனிக்கா 1,470 மீட்டர் ஆழம். அங்கிருந்து வரும் ராஜா பிராண்டோசா: நெற்றி புடைத்து, கறுப்புப் பட்டையோடு, நிதானமாக நீந்தும். ஓரடி வளரும், இருபது வருஷம்கூட இருக்கும். ஐந்தடித் தொட்டியில் அதை வைப்பது யானையைத் திண்ணையில் கட்டுகிற மாதிரி. பிரிச்சார்டி அழகு, ஆனால் ஒரு ஜோடி குஞ்சு பொரித்துவிட்டால் தொட்டியின் பாதி அதன் பட்டா நிலம். ட்ரோபியஸ் வயிற்று நோயில் பொசுக்கென்று போகும். முதல் முறை வளர்க்கிறவர் தொட வேண்டாம். இந்த ஏரியில் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வது நத்தை ஓட்டு மீன்தான். மல்டி என்று கேளுங்கள். இரண்டு அங்குலம்கூட வளராது. காலி நத்தை ஓட்டுக்குள் குடும்பம் நடத்தும். நம் நெல் வயல் வரப்பில் கிடக்கும் நத்தை ஓடுகளைப் பொறுக்கி, வேகவைத்து, தேய்த்துக் கழுவி மணலில் போட்டால் அதுதான் வீடு. ஒரு மீன் மணலை வாயில் அள்ளி அள்ளி வெளியே துப்பி, ஓட்டை வாய் மட்டும் தெரிகிற மாதிரி புதைப்பதை ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்க்கலாம். இரண்டடித் தொட்டி போதும். பெரிய மீனோடு சேர்க்கக்கூடாது.

ஆக, ஐந்தடித் தொட்டிக்கு மலாவி. டாங்கனிக்கா மீனையும் மலாவி மீனையும் கலக்காதீர்கள். தண்ணீர் கிட்டத்தட்ட ஒத்துப்போகும், குணம் ஒத்துப்போகாது.

மலாவிக்குள்ளும் மூன்று கூட்டம். பாறை இடுக்கில் வாழ்ந்து பாறைமேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்பவை முபுனா. மணலும் பாறையும் சேருமிடத்தில் வாழ்பவை பீகாக். மணலுக்கு மேலே அசையாமல் நின்று, அடியில் நெளியும் பூச்சியைத் தலையிலுள்ள குழிகளால் உணர்ந்து சட்டென்று குத்தும். திறந்த தண்ணீரில் மற்ற மீனைத் துரத்தியும் மிதக்கும் நுண்ணுயிரைத் தின்றும் வாழ்பவை ஹேப். முதல் கூட்டத்துக்குக் குடல் நீளம், சைவச் சாப்பாடு. மற்ற இரண்டுக்கும் புரதம் வேண்டும். முபுனாவுக்குக் கோழி ஈரல், மாட்டு இதயம், டியூபிபெக்ஸ் என்று தினமும் கொடுத்தால் வயிறு உப்பி, சாணம் வெள்ளை நூலாய்த் தொங்கி, சில நாளில் கதை முடியும். ஸ்பைருலினா கலந்த பெல்லட்டைக் கொடுங்கள். ஒரே தொட்டியில் இரண்டு சாப்பாடு பரிமாற முடியாது என்பதுதான் முபுனாவையும் பீகாக்கையும் கலக்க வேண்டாம் என்பதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம், முபுனாவின் முரட்டுத்தனத்தில் பீகாக் நிறம் வற்றி ஒரு மூலையில் நின்றுவிடும்.

குஞ்சு முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நான் வாங்கிய முதல் ஆப்பிரிக்க மீன் ஆராட்டஸ். விரல் நீளக் குஞ்சு. எலுமிச்சை மஞ்சளில் நீளவாக்கில் கருங்கோடு. அந்தக் கடைத் தொட்டியிலேயே அதுதான் அழகு. நான்கு வாங்கினேன். எட்டு மாதம் கழித்து அதில் ஒன்று கறுக்க ஆரம்பித்தது. மஞ்சள் மறைந்து கரும்பழுப்பானது, கோடு வெளிறி நீலமானது. நோய் என்று நினைத்து மருந்து விட்டேன். அது வயசுக்கு வந்த ஆண். இரண்டு வாரத்தில் மற்ற மூன்றும், கூட இருந்த எல்லோ லேப் இரண்டும் பில்டர் குழாய்க்குப் பின்னால் தண்ணீர் மட்டத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. வால் துடுப்பு சீப்புப் பல் மாதிரி கிழிந்திருந்தது. கறுத்தவன் ஐந்தடியையும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

கென்யியும் இதே ஏமாற்றுதான், நிறம் மட்டும் தலைகீழ்: குஞ்சும் பெண்ணும் நீலம், ஆண் மஞ்சள். வெனஸ்டஸ் குஞ்சு சிறுத்தைப் புள்ளியோடு சாதுவாக இருக்கும். வளர்ந்தால் பத்து அங்குலம், வாய்க்குள் அடங்குகிற மீன் எல்லாம் அதற்கு உணவு. அதனால் கடையில் குஞ்சு எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். வளர்ந்த ஆண் எப்படி இருக்கும், எத்தனை அங்குலம் வரும் என்று கேளுங்கள். "மிக்ஸ் ஆப்பிரிக்கன்" என்று ஒரு தொட்டியில் எல்லாவற்றையும் போட்டு மலிவாக விற்பார்கள். பெயர் தெரியாத மீனுக்குக் குணமும் தெரியாது. இரண்டு அங்குலத்திலேயே முழு நிறத்தோடு பளபளக்கும் பீகாக் குஞ்சும் வேண்டாம். அந்த வயதில் அந்த நிறம் ஹார்மோன் கொடுத்து வருவது. வீட்டுக்கு வந்து சில வாரத்தில் வெளுத்துவிடும்.

என் சிபாரிசு மூன்று பேர். எல்லோ லேப், ரஸ்டி, ஏசி. முபுனாக்களிலேயே சாதுவானவை.

எல்லோ லேப் நான்கு அங்குலம். முதுகுத் துடுப்பில் மை தீட்டியது மாதிரி கறுப்புக் கோடு. ஏரியில் இந்த இனத்தில் பல வெள்ளையாகவும் வெளிர் நீலமாகவும்தான் இருக்கும். நாம் பார்க்கும் மஞ்சள் மலாவியின் மேற்குக் கரையில் லயன்ஸ் கோவ் பக்கத்தில் கிடைத்த வகை. ரஸ்டி கத்திரிக்காய் நிறம். முதலில் பார்க்கிறவருக்கு மங்கலாகத் தெரியும், மஞ்சளுக்குப் பக்கத்தில் நின்றால்தான் அதன் ஊதா எழும்பும். யாரையும் தேடிப் போய் அடிக்காது. ஏசி நீல உடம்பு, மஞ்சள் வால். ஆறு அங்குலம் வரும். மற்ற முபுனா அடியில் கல்லைச் சுற்றிக் கொண்டிருக்க, இது நடுத்தண்ணீரிலும் மேலும் கூட்டமாக உலாவும். ஏரியில் மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டைப் பாசியை மேய்கிற மீன். மூன்றும் மூன்று நிறம், மூன்று உருவம், அவரவர் இடம் வேறு. பொருத்தம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஏனென்றால் சிக்லிட் சண்டை பங்காளிச் சண்டை. ஆண் மீன் முதலில் அடிப்பது தன்னைப் போல இருப்பவனை. நீலத்தில் கறுப்புப் பட்டை போட்ட இரண்டு இனங்களை ஒன்றாக விட்டால் பெயர் வேறாக இருந்தாலும் அதுகளுக்கு ஒரே சாதிதான். அடித்துக்கொள்ளும், இல்லையென்றால் கலப்புக் குஞ்சு போடும். ரெட் ஜீப்ராவும் எல்லோ லேபும் சேர்ந்து பிறந்த மங்கல் மஞ்சள் மீன்கள் இன்று கடைகளில் "லேப்" என்ற பெயரிலேயே விற்கின்றன. கறுப்புக் கோடு ஒழுங்காக இல்லாததை வாங்காதீர்கள்.

ஒவ்வொரு வகையிலும் எட்டு குஞ்சு வாங்கி வளர்த்து, ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கு வரும்படி மிஞ்சிய ஆண்களை எடுத்துவிடுங்கள். ஓர் ஆண், ஒரு பெண் என்று ஜோடியாக விட்டால் அந்தப் பெண்ணை அது விரட்டியே கொன்றுவிடும். கடைசியில் தொட்டியில் இருபது, இருபத்திரண்டு மீன் இருக்க வேண்டும். அதிகம் என்று தோன்றும். பௌர்ணமி இரவு கிரிவலப் பாதையில் நடந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நெரிசலில் ஒருவன் இன்னொருவனைத் தேடிப் பிடித்து அடிக்க முடியுமா? முபுனாவும் அப்படித்தான். ஆறு மீன் இருந்தால் ஒன்று ரவுடி, ஒன்று பலி. இருபது இருந்தால் அடி எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துவிடும். டெமசோனி என்ற குட்டி நீலத்துக்கு இது இன்னும் கறாரான விதி: பன்னிரண்டுக்குக் குறையாமல் விடுங்கள், அல்லது வாங்காதீர்கள். நான்கு விட்டால் ஒன்று மிஞ்சும். கூட்டத்துக்கு விலை தண்ணீர் மாற்றுவது. வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மாற்றுவது இந்தக் கணக்குக்கு ஆகாது.

பீகாக்தான் வேண்டும் என்பவர்கள் வேறு தொட்டி போடுங்கள், ஆண்கள் மட்டும் பன்னிரண்டு, ஒரே நிறத்தில் இரண்டு இல்லாமல். பீகாக் பெண்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எது எந்த இனம் என்று கடைக்காரருக்கே தெரியாது. எலெக்ட்ரிக் ப்ளூ ஹேப் ஒன்றும், முபுனாவில் விதிவிலக்காக எல்லோ லேப் இரண்டும் இவர்களோடு ஒத்துப்போகும். மணல் மட்டும் கவனம். ஆற்றுமணல் விலை ஏறிவிட்டது என்று எம்-சாண்ட் கொட்டுகிறார்கள். அது உடைத்த கல், முனை கூர். மணலைக் கிளறி வாயில் போட்டுத் துப்புகிற மீனுக்கு ஆகாது.

துணைக்கு அடியில் யாராவது வேண்டுமென்றால் சைனோடான்டிஸ் கெளுத்தி மூன்று. "டேங்க் கிளீனர்" என்று தலையில் கட்டும் சக்கர் மீன் வேண்டாம்; ஒன்றரை அடி வளர்ந்து தானே அழுக்காக்கும்.

விடும் முறை

கருங்கல் நல்லது, தண்ணீரைப் பாதிக்காது. மலையிலிருந்து எடுத்து வராதீர்கள். கல்லுடைக்கும் இடத்தில் கேட்டால் கிடைக்கும். அடிக்கண்ணாடியில் தெர்மகோல் வைத்து, அதன்மேல் கல்லை அடுக்கி, கடைசியாக மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் கல் வைத்தால் மீன் அடியில் தோண்டும், கல் சரியும், கண்ணாடி போகும்.

முதலில் ரஸ்டி. இரண்டு வாரம் கழித்து லேப். கடைசியில் ஏசி. சாது முதலில் வந்து இடம் பிடிக்க வேண்டும். ஏற்கனவே உள்ள தொட்டியில் புது மீன் விடுகிற நாளில் கல்லையெல்லாம் இடம் மாற்றி வையுங்கள்; பழைய எல்லை கலைந்து எல்லோரும் புதுக் குடியாகிவிடுவார்கள். விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள்.

சென்னையிலிருந்து ஐந்து மணி நேரம் ஆக்சிஜன் பையில் வந்த மீனை, பையைத் திறந்து வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் பழக்குகிற வழக்கம் உண்டு. சிக்லிட்டுக்கு அது ஆபத்து. மூடிய பையில் மீன் விட்ட மூச்சால் பி.எச். இறங்கி, அம்மோனியா அடங்கிக் கிடக்கும். திறந்து நம் காரத் தண்ணீரை ஊற்றினால் அது நஞ்சாக எழும்பும். பையைத் திறக்காமல் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு வலையில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

தீபத்துக்கு வீடு நிறைய உறவினர் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் வீட்டில் ஒரு கார்த்திகைக்கு, கோவில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை ஒன்று, பொரி உருண்டையை உடைத்துத் தொட்டியில் போட்டது. வெல்லம் கரைந்து காலையில் தண்ணீர் பால் வெள்ளை. மீன்கள் மேலே வாயைப் பிளந்து நின்றன. பாதித் தண்ணீரை உடனே மாற்றி, இரண்டு ஏர் பம்ப் போட்டுத்தான் காப்பாற்றினேன். வளர்ந்த மீன் நான்கைந்து நாள் சாப்பிடாமல் இருக்கும், ஒன்றும் ஆகாது. அந்த வாரம் தீனி டப்பாவைப் பூட்டி வையுங்கள். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும். மே மாதத்தில் தண்ணீர் 31 டிகிரியைத் தாண்டினால் மூடியை எடுத்து, வலை போட்டு, மேலே டேபிள் ஃபேன் வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

எல்லாம் சரியாக அமைந்தால் ஆறேழு மாதத்தில் ஒரு பெண் மீன் தாடை உப்பி, தீனிக்கு வராமல் ஒதுங்கி நிற்கும். மூன்று வாரம் அப்படி நின்று குஞ்சுகளைத் துப்பும். கல் இடுக்கில் தப்பியவை வளரும். வருஷம் திரும்பினால் தொட்டி கொள்ளாது. மிஞ்சியதை வாங்கிய கடையிலேயே கொடுத்துத் தீனி வாங்கிக்கொள்ளுங்கள், தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். புண்ணியம் என்று நினைத்து ஐயங்குளத்திலோ ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள்.